நிற்கிற நேரத்துக்கும் ரேட்டு

எங்கள் பேக்கரிக்கு அந்த அக்கா முதன்முதலாக வந்த அன்று என் மனைவி அவரிடம் பேரம் பேசினாள். வாரத்துக்கு ஒரு தடவை முன்பக்கக் கண்ணாடி முழுவதையும், கதவையும், பெயர்ப்பலகைக்குக் கீழே ஓடும் நீளக் கண்ணாடியையும் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துக் கொடுக்க எண்பது ரூபாய் என்றார் அக்கா. என் மனைவி அறுபது என்றாள். அக்கா கீழே வைத்த வாளியைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்தார். நீளக் கம்பைப் பக்கவாட்டில் கட்டினார். வண்டியைத் திருப்பினார். முகத்தில் கோபம் இல்லை. கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர் மாதிரிதான் போனார்.

"ஏக்கா, எழுவது வாங்கிக்கங்க" என்று பின்னாலேயே போனாள் என் மனைவி.

"எம்பதுதான் தாயி."

"சரி வாங்க. வந்து தொடைங்க."

திரும்பி வந்து துடைத்தார். முடித்ததும் என் மனைவி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். உள்ளே தட்டில் அடுக்கியிருந்த தேங்காய் பன் அங்கிருந்தே தெரிந்ததாம். "இம்புட்டு நாளும் நாம இருட்டுக்குள்ள யாவாரம் பண்ணிருக்கோம்" என்றாள்.

பழனி ரோட்டில் எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் கண்ணாடி அக்காதான். என் போனிலும் அப்படித்தான் பதிந்திருந்தேன். பெயர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். சொந்த ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். கல்யாணம் ஆகித் திண்டுக்கல்லுக்கு வந்து, நூல் மில்லில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் துப்புரவு வேலைக்குப் போயிருக்கிறார். ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுக்கிற வித்தையை அங்கேதான் பழகியிருக்கிறார். இதையெல்லாம் என் மனைவிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "திருப்பூர்ல இருக்காரு" என்று மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் என் மனைவியாலேயே அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கேயும் நிற்க மாட்டார். துடைத்து முடித்தவுடன் டீ வந்தால் குடிப்பார். "செத்த நேரம் இருங்கக்கா, பால் கொதிக்குது" என்றால் வண்டியைக் கிளப்பிவிடுவார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போவது கிடையாது. "அடுத்த வாரம் குடிச்சுக்கிறேன்" என்பார். இதனால் அவர் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் என் மனைவி முன்கூட்டியே அடுப்பில் பாலை வைத்துவிடுவாள். அவர் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு வைப்பரை உதறும்போது டம்ளர் அவர் கைக்குப் போக வேண்டும். இது அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"ஏங்க்கா, ரெண்டு நிமிசம் நின்னாத்தான் என்ன" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"மில்லுல நின்னாச்சு அப்பு. கோயம்புத்தூர்லயும் நின்னேன். கக்கூசுக்குப் போறதுக்கு சூப்ரவைசர் தலையாட்டுற வரைக்கும் நிக்கணும். இது என் வேல. இதுலயும் நிக்கவா."

அவர் தொழிலில் ஒரு சிக்கல் இருந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் கடை திறந்து ஆள் வருவதற்கு முன்னால் கண்ணாடி துடைத்திருக்க வேண்டும் என்பார்கள். பத்து மணிக்கு மேல் வெயில் கண்ணாடியில் விழுந்தால், துடைக்கும் முன்பே சோப்புத் தண்ணீர் காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஆக மொத்த வேலையும் காலையில் அந்த மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆரம்பத்தில் அக்கா கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ரோடு, நாகல் நகர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்று எல்லா இடத்திலும் கடை பிடித்துவிட்டார். ஒரு கட்டத்தில் மூலையைத் துடைக்காமல் ஓட ஆரம்பித்தார். செல்போன் கடை வைத்திருந்தவர் கோடு நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். அக்காவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

அந்த வாரம் டீயைக் குடித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்.

"இருக்குறது ஒரு காலை. அத எம்புட்டுப் பேருக்குத்தான் பிச்சுப் பிச்சுக் குடுக்குறது. ரேட்ட ஏத்தப் போறேன் தாயி."

"ஏத்துனா போயிருவாங்களேக்கா."

"போகணும்னுதான் ஏத்துறேன். கொஞ்சப் பேரு போனாத்தான் மிச்சப் பேருக்கு ஒழுங்காச் செய்ய முடியும். வரவும் கொறையாது."

நூற்றிப்பத்து என்று எல்லோருக்கும் ஒரே நாளில் சொன்னார். அவர் நினைத்த மாதிரியே கொஞ்சப் பேர் போனார்கள். ஆனால் அவர் நினைத்த ஆட்கள் போகவில்லை. பிரியமாகப் பேசுகிற மருந்துக்கடைக்கார அம்மா நிறுத்திக்கொண்டார். ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலம் நீட்டுகிற தையல்கடைக்காரர் நிறுத்திக்கொண்டார். போனால் நல்லது என்று அக்கா எதிர்பார்த்த நகைக்கடைக்காரர் மட்டும் சரி என்று சொல்லிவிட்டார். அவர் போணி ஆகாமல் கையிலிருந்து காசு எடுக்க மாட்டார். துடைத்து முடித்துவிட்டு முதல் வியாபாரம் ஆகிற வரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். காலையில் நகைக்கடைக்கு எவன் வருவான்.

அக்கா அவரிடம் போய்ச் சொன்ன பதில் எங்கள் வரிசை முழுக்கப் பரவியது. "போணிக்கு அப்பறந்தான் காசுன்னா நூத்தம்பது. தொடச்ச ஒடனே குடுத்தா நூத்திப்பத்து." நிற்கிற நேரத்துக்கும் ரேட்டு போட்டுவிட்டார். நகைக்கடைக்காரர் சிரித்தாராம். போணிக்கு முன்னால் காசு கொடுப்பதைவிட நூற்றைம்பது கொடுப்பதே மேல் என்று அவருக்கு. கடைசி வரைக்கும் நூற்றைம்பதுதான் கொடுத்தார். அக்காவும் நின்றார். "அது நிக்கிறது இல்ல அப்பு, அது வேல" என்று என்னிடம் விளக்கினார்.

இதைக் கேட்டு எல்லோரும் ரசித்தோம். ஆனால் ஸ்டுடியோக்காரர் விஷயம் அப்படியில்லை. அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு வைப்பரோடு கடை கடையாக ஏறி இறங்கியபோது முதலில் தன் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னவர் அவர். வயதானவர். சில்லறை இல்லை, மகன் வரட்டும், இப்படி ஏதாவது சொல்லி உட்கார வைப்பார். பேச்சுத் துணைக்காகத்தான் செய்கிறார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவரிடமும் நூற்றைம்பது கேட்டார். அவர் மனசு உடைந்து, "மொதமொதல்ல நாந்தானம்மா உனக்கு வேல குடுத்தேன்" என்றார். "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டார் அக்கா. அப்புறம் அந்தப் படியில் அவர் ஏறவில்லை. என் மனைவி அவரிடம் இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. டீ மட்டும் நேரத்துக்குக் கொடுத்தாள்.

அந்த மழைக்காலத்தில் என் மனைவி இறந்துபோனாள். ஒரு வாரக் காய்ச்சல். அதில் மூன்று நாள் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு கடைக்கும் வந்தாள். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வந்து கடை ஷட்டரை இறக்கியவன்தான், முப்பதாம் நாள் பூசை முடிந்தும் திறக்கவில்லை. வீட்டில் இருந்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அழவும் இல்லை. யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கை சூடாக இருக்கிறது, ஈரமாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். என் மைத்துனன்தான் ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கினான்.

திறந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். வாளியை இறக்கினார். துடைத்தார். ஒரு மாசத்துக்கு மேல் படிந்த புழுதி என்பதால் இரண்டு தடவை தண்ணீர் மாற்றினார். கல்லாவுக்கு வந்தார். என் மனைவி உட்காருகிற ஸ்டூலில் என் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"பூட்டிக் கெடந்த வாரத்துக்கெல்லாம் சேத்துக் குடு அப்பு."

மைத்துனனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் எழுந்துவிட்டான். "ஏம்மா, என்ன நடந்திருக்குன்னு தெரியுமா உனக்கு. ஒரு வார்த்த வெசாரிக்கல. செய்யாத வேலைக்குக் காசு கேக்குற."

"தெரியும். கல்லறைக்கு வந்தேன். பின்னால நின்னுட்டுப் போயிட்டேன்." அக்கா அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். "செவ்வாக்கெழம இந்த நேரத்த ரெண்டு கடைக்காரங்க கேட்டாங்க. குடுக்கல. நீ கடையத் தொறப்பேன்னு வச்சிருந்தேன்."

மைத்துனன் இன்னும் ஏதோ சொன்னான். நான் கல்லாவைத் திறந்து அவர் கேட்டதை எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கடையைத் திறப்பேனா என்று அந்த மாதம் முழுக்க எனக்கே தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. இவர் எதை வைத்து அப்படி நினைத்தார் என்று கேட்டிருக்கலாம். அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் செய்தது சரியா தப்பா என்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மைத்துனன் ஊரெல்லாம் சொன்னான். "பொணத்து நெத்தியில இருக்குற காசையும் எடுக்குற பொம்பள" என்றான். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "எத்தன பேரு எம்பிள்ளைக்குன்னு எதையாச்சும் எடுத்து வச்சாங்க" என்றார். அவர் மகளை இழந்தவர். அவர் சொன்னதும் அவன் பேச்சை விட்டுவிட்டான்.

அதற்கு அடுத்த வருஷம் பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டித் திறந்தார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளேயும் மாடிக்கு மாடி கண்ணாடித் தடுப்பு. அக்காவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். தினமும் வேலை. மாசம் பிறந்தால் ஒரே தொகையாகக் கணக்கில் விழும். அக்காவுக்கு அப்போது மூட்டு வலி வந்திருந்தது. மொபெட்டில் ஏறுவதும் இறங்குவதும் கஷ்டமாக இருந்தது. தெருவில் இருந்த இரண்டு பெண்களை, அவர்கள் ஒருத்திக்கொருத்தி நாத்தனாரும் மதினியும், வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பிறகு எங்கள் ஒவ்வொரு கடையிலும் ஏறிச் சொன்னார்.

"இந்த மாசத்தோட சரி அப்பு. வேற ஆளு பாத்துக்க."

"சரிக்கா" என்றேன்.

"எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே எடத்துக்குப் போறேன். சரியா வருமா."

அவர் இப்படி யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. வரும் என்று சொன்னேன். நான் வேறு ஆள் பார்க்கவும் இல்லை. கண்ணாடி அப்படியே கிடந்தது.

எங்கள் அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கட்டு மாற்றக் கூட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் இரண்டாவது மாடிக்கு லிப்டில் போய் இறங்கியபோது, படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களுக்கும் நடுவில் வாளி. வாளியில் தண்ணீர் தெளிந்து போய், சோப்பு நுரை ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்த இரண்டு பெண்களும் கீழ்ப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, உக்காந்துட்டீங்க."

"டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துருக்காராம். முடிஞ்சப்பறந்தான் உள்ள விடுவாங்க. அது முடிஞ்சா ஆளுகளுக்குச் சாப்பாட்டு நேரம். அப்பறம் பாக்க வாரவங்க நேரம்."

"காலையிலயே வந்து முடிச்சுர முடியாதா."

"காலையில பெருக்கித் தொடைக்கிறவங்க வேல. அவங்க முடிக்கணும்." வாளியைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தார். "கண்ணாடிய அளந்துதான் ரேட்டுச் சொன்னேன் அப்பு. நேரத்த அளக்கல."

அப்பாவைக் கட்டு மாற்றும் அறைக்குள் விட்டுவிட்டு நானும் வந்து படியில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் மேலாளர் ஒருவர் படியிறங்கி வந்தார். இளவயதுதான். அக்கா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"சார், போன வாரமும் சொன்னேன். வேல கொஞ்ச நேரந்தான். பாதி நாளு படியிலதான் உக்காந்துருக்கோம். மூணு பேரு. அதுக்கும் சேத்து ஏதாச்சும் போட்டுக் குடுங்க."

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, தொடைக்கிறதுக்குத்தானம்மா நாங்க பில் பாஸ் பண்ண முடியும். உக்காந்துருக்கிறதுக்கு எப்படிக் குடுக்கறது."

"உக்கார வைக்கிறது நீங்கதான சார்."

"அடுத்த வருசம் ஒப்பந்தம் போடும்போது பாக்கலாம்மா." சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

அக்கா இப்போது வாளியைத் தூக்குவார் என்று நினைத்தேன். அந்தக் குனிவும், கம்பைக் கட்டுகிற அவசரமும், வண்டியைத் திருப்புகிற விதமும் எனக்கு மனப்பாடம். அக்கா திரும்பி அந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். பெரியவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சின்னவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாசமோ என்னவோ, சேலைக்கு மேலேயே தெரிந்தது. அக்கா மறுபடியும் படியில் உட்கார்ந்தார்.

அப்பா கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு வாரா வாரம் அப்படித்தான். சில சமயம் கடையிலிருந்து பப்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாகச் சாப்பிடுவார். அவர் ஒன்றை அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டு நான் முன்பு பார்த்ததில்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் ஆஸ்பத்திரி அவரைச் சேர்க்கவில்லை. பெருக்குவது, துடைப்பது, கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கம்பெனியிடம் விட்டுவிட்டார்கள். அக்கா பழைய கடைகளுக்குத் திரும்பினார். செல்போன் கடை பெரிதாகி இடம் மாறியிருந்தது. சிலர் வேலைக்கு நிற்கிற பையன்களை வைத்தே துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு அறுபது ரூபாய்க்கு ஒருவர் கிடைத்திருந்தார். நகைக்கடையில் கண்ணாடிக்கு மேல் முழுக்க விளம்பரப் படம் ஒட்டியிருந்தார்கள். ஸ்டுடியோ மூடியிருந்தது. அந்தப் பெரியவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். அக்கா அந்தப் பூட்டிய கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதை நான் எங்கள் கடையிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை. நிறுத்திவிட்டுப் போனார்.

என்னிடம் வந்து பழைய ரேட்டையே சொன்னார். நூற்றிப்பத்து.

"ஏத்திச் சொல்லுங்கக்கா. ரெண்டு வருசம் ஆச்சு."

"ஏத்துனா நீ குடுத்துருவ. மத்தவங்க குடுக்க மாட்டாங்க. எல்லாருக்கும் ஒரு ரேட்டுத்தான்."

அந்தப் பெண்கள் இருவரையும் அவர் நிறுத்திவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். நிறுத்தவில்லை. மூன்று பேர் என்றால் மூன்று காலை இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். பெரியவளைச் சின்னாளப்பட்டிக்கு அனுப்பினார். அங்கே மதுரை ரோட்டில் புதிதாகச் சேலை ஷோரூம்கள் கண்ணாடி போட்டுக் கட்டியிருந்தார்கள். சின்னவள் பிள்ளை பெற்று வந்ததும் நாகல் நகர் அவளுக்கு. எங்கள் ரோட்டை அவரே வைத்துக்கொண்டார். ஆள் கிடைத்த பிறகு, வேலையும் ஒழுங்கான பிறகு, ரேட்டை ஏற்றத் தொடங்கினார். முதலில் நூற்றைம்பது. கொஞ்சம் பேர் போனார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். பிறகு இருநூறு என்றார்.

எங்கள் கடை அப்போது சரியாக இல்லை. பேக்கரி நடத்தியது நான் இல்லை, என் மனைவி என்பது அவள் போன பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கேக் பிடிக்கும், எந்த வீட்டில் என்றைக்குப் பிறந்தநாள் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். ஆள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவது கண்ணாடி வழியாகத் தெரியும். கூப்பிட மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு மாஸ்டர் போட்ட பிளம் கேக்கில் பாதி பொங்கல் வரைக்கும் கிடந்தது.

"எரநூறு முடியாதுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். உள்ளே பாதி காலியாக இருந்த தட்டுகளைப் பார்த்தார்.

"அப்ப விட்ருவோம் அப்பு."

"சரிக்கா."

அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்காக மட்டும் குறைத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குறைத்திருந்தால் கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வருஷமே கடையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓவனை வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்வீட் கடையில் பேக்கரிப் பகுதிக்கு வேலைக்குச் சேர்ந்தேன். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அந்தக் கடையின் கண்ணாடியை அக்காதான் துடைக்கிறார் என்று சேர்ந்த முதல் வாரம் தெரிந்தது. நான் உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே நுரை பூசிய கண்ணாடியில் வைப்பர் ஒரு தடவை இறங்கியது. அந்தத் துடைத்த பட்டைக்குள் அக்காவின் முகம். என்னைப் பார்த்தார். கையை நிறுத்தவில்லை. முழுக்கத் துடைத்து முடித்து, காசு வாங்கிக்கொண்டு, என் பக்கம் வந்தார்.

"இங்கயா நிக்கிற."

"ஆமாக்கா."

"எம்புட்டுக் குடுக்குறாங்க."

சொன்னேன். அவர் உதட்டுக்குள் எதையோ பெருக்கிப் பார்த்தார்.

"கம்மி" என்றார். "கேளு."

அடுத்த வாரம் வந்தபோது, "கேட்டியா" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. எனக்கோ கேட்டு வாங்கி என்ன செய்யப் போகிறேன் என்று இருந்தது. பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. துடைத்தார், காசு வாங்கினார், என்னைத் தாண்டித்தான் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயந்திரம் முதலாளியிடம் போய் நின்றேன். நான் சொந்தமாகப் பேக்கரி வைத்திருந்தவன், கேக்கும் ரஸ்க்கும் எனக்குத் தெரியும், மாஸ்டர் லீவு போட்டால் நான்தான் பார்க்கிறேன், இந்தச் சம்பளம் கம்மி என்று சொன்னேன். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். ரெண்டு நாள் கழித்து ஆயிரத்தைந்நூறு ஏற்றித் தருவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா வரட்டும் என்று இருந்தேன். என் மனைவி போன பிறகு யாரிடமாவது ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. மொபெட் சத்தம் கேட்டது. கண்ணாடியில் நுரை பூசிக்கொண்டிருந்தது அந்தச் சின்னவள். வெளியே போய்க் கேட்டேன்.

"அக்கா ஊருக்குப் போயிருச்சுண்ணே. அங்க கட்டிக் குடுத்த மகளுக்குப் பிள்ளை பொறந்துருக்கு. முட்டியும் முடியல. இனிமே திண்டுக்கல்லு எனக்கு, சின்னாளப்பட்டி எங்க மதினிக்கு. எல்லாக் கடையிலயும் இருவது ரூவா ஏத்திச் சொல்லிட்டுத்தான் போச்சு."

"வராதா."

"வராதுண்ணே. வண்டியவும் எனக்கே குடுத்துருச்சு."

அவள் திரும்பவும் நுரை பூச ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"எனக்கு ஆயிரத்தைநூறு ஏத்திருக்காங்கம்மா" என்றேன்.

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க."

"அக்கா போன் பண்ணுனா சொல்லு."

சரி என்றாள். எதற்கு என்று அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஒரு வாரம் போயிற்று. அடுத்த தடவை வந்தவள் வண்டியை நிறுத்தியதும் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்காகிட்ட சொன்னேண்ணே."

"என்ன சொன்னாங்க."

"கம்மின்னுச்சு. அடுத்த வருசமும் கேக்கணுமாம்."

சரி என்றேன். அவள் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் உள்ளே போய் டீ போடுகிறவரிடம் பாலை அடுப்பில் வைக்கச் சொன்னேன்.